சொந்த டம்ளருக்குத் தள்ளுபடி

இருமல் வந்தவன் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடிக்கிற ஒன்றை, இருமலே இல்லாத மனிதர்கள் வரிசையில் நின்று, காசும் கொடுத்து, குடிப்பதற்கு முன்னால் ஒரு போட்டோவும் எடுத்துக்கொண்டு குடிக்கும் காலம் வரும் என்று 1983-ல் யாராவது சொல்லியிருந்தால், எங்கள் ஊரில் அவருக்கே ஒரு டம்ளர் சுக்குக்காப்பி போட்டுக் கொடுத்துப் போர்த்திப் படுக்கச் சொல்லியிருப்பார்கள். உங்கள் வீட்டிலும் அப்படித்தானே இருந்திருக்கும்? அடுப்பில் சுக்கும் மல்லியும் கொதிக்கிற வாசனை தெருவுக்கு வந்ததுமே, "யாருக்கு மேலுக்குச் சரியில்ல?" என்று கேட்டுக்கொண்டு பக்கத்து வீட்டு ஆச்சி உள்ளே வந்து உட்கார்ந்துவிடுவாள். கோயில் கொடையின்போது மட்டும் அது நோயிலிருந்து விடுதலை பெற்று, விடிய விடிய வில்லுப்பாட்டு கேட்கிறவர்களைத் தூங்கவிடாமல் வைத்திருக்கும் பொறுப்பை ஏற்றுக்கொண்டு, சைக்கிள் கேரியரில் ஏறி மணலில் உருண்டு வரும். கொடை முடிந்த மறுநாள் மறுபடியும் அது மருந்துதான்.

எங்கள் ஊர் உடன்குடிக்கும் சாத்தான்குளத்துக்கும் நடுவில், தேரிக்காட்டுச் செம்மணல் காற்றில் வந்து சோற்றில் விழுகிற தூரத்தில் இருக்கிறது. இப்போது தூத்துக்குடி மாவட்டம், அன்றைக்குத் திருநெல்வேலி. பார்த்த பக்கமெல்லாம் பனை. ஆகையால் கருப்பட்டிக்கு மதிப்பு கிடையாது. வீட்டு ஆட்களுக்குக் கருப்பட்டிக் காப்பி, விருந்தாளிக்குச் சீனிக் காப்பி என்பது எழுதாத சட்டம். பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் ரேஷன் சீனியை நாலு வீட்டில் கைமாற்று வாங்கியாவது மானத்தைக் காப்பாற்றிவிடுவார்கள். உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்து, பனையேறுகிறவர்கள் அருகி, நல்ல கருப்பட்டி கிலோ முந்நூறைத் தாண்டிப் போய்விட்ட இன்றைக்கும் அதே சட்டம்தான் அமலில் இருக்கிறது: வீட்டு ஆட்களுக்குக் கருப்பட்டி, விருந்தாளிக்குச் சீனி. காரணம் மட்டும் தலைகீழாகிவிட்டது.

அந்த 1983-ல் நான் ஒன்பதாம் வகுப்பு. மாசி மாதம் பள்ளி ஆண்டு விழா. ஊரும் பள்ளியும் ஒன்று என்பது அந்தக் காலத்து ஹெட்மாஸ்டர்களுக்கு ஏறக்குறைய ஒரு மதம். காமராஜர் முதலமைச்சராகவும் நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராகவும் இருந்தபோது, 1958-ல் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர்க்காரர்கள் ஓடும் பெஞ்சும் மணியும் கடிகாரமும் கொடுத்து வளர்ந்த பள்ளிகளில் எங்களுடையதும் ஒன்று. நான் உட்கார்ந்த பெஞ்சின் முதுகில் கொடுத்தவர் பெயரும் அதற்கு முன்னால் 'உபயம்' என்ற சொல்லும் வெள்ளைப் பெயிண்டில் இருந்தன. காம்பஸ் முனையால் அந்த உபயத்தைச் சுரண்டி எடுப்பதுதான் கணக்கு வகுப்பில் எங்களுக்கு இருந்த ஒரே கைத்தொழில். இப்போது அதையே 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' என்ற பெயரில் 2022-லிருந்து இணையதளம் வைத்து வாங்குகிறார்கள். பணம் அனுப்பிய மறுகணம் நன்றி சொல்லி மின்னஞ்சல் வந்துவிடுகிறது. சுரண்டுவதற்கு ஒன்றும் இல்லை.

விழாவன்று மாணவர்களே கடை போட வேண்டும், லாபத்தில் பேண்டு வாத்தியம் வாங்க வேண்டும் என்று ஹெட்மாஸ்டர் உத்தரவிட்டார். பன்னிரண்டாம் வகுப்பு அண்ணன்மாருக்குக் கலர்க் கடை: ஐஸ் பெட்டிக்குள் காளிமார்க் பொவொண்டோ, சாக்குத் துணி, பாட்டில் திறக்கிற சாவியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொள்கிற அதிகாரம். பத்தாம் வகுப்புக்கு வளையம் வீசுகிற கடை. ஒன்பதாம் வகுப்புக்கு என்ன என்று நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க, "நீங்க சுக்குக்காப்பி போடுங்கலே" என்றார். பள்ளிக்கூடத்தில் பாதிப் பெண்பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போது, சீக்காளிக்குக் கொடுப்பதைக் கடை வைத்து விற்கச் சொன்னால் பதினான்கு வயதுப் பையன் என்ன ஆவான்? பின் வரிசையில் ஒருத்தன் நிஜமாகவே அழுதான். மீசை அரும்பியிருந்த நான், கௌரவம் கருதி, வயிற்றுவலி என்று சொல்லி இரண்டு நாள் பள்ளிக்குப் போகவில்லை. வயிற்றுவலிக்கு வீட்டில் என்ன கொடுத்தார்கள் என்று நீங்களே ஊகிக்கலாம்.

ஆனால் வேலை என்று இறங்கிய பிறகு அதிலும் ஒரு ருசி வந்துவிட்டது. சுக்குக்குப் புறணி நஞ்சு, கடுக்காய்க்கு அகணி நஞ்சு என்பார்கள்; எங்கள் தமிழ் ஐயா அதைச் சொல்லிக்கொண்டே பக்கத்தில் நின்று, ஒவ்வொரு சுக்கையும் சுண்ணாம்பு தடவிக் காயவைத்து, தணலில் சுட்டு, மேல்தோலைச் சுரண்டி எடுக்கவைத்தார். விரல் நுனியெல்லாம் எரியும். அந்தக் கையால் கண்ணைத் தொட்டவன் அன்றைக்கு முழுவதும் துக்க வீட்டுக்காரன் மாதிரி இருப்பான். மிளகும் மல்லியும் இடித்தது பெண்பிள்ளைகள், அதுவும் கட்டடத்துக்குப் பின்னால், வேப்பமரத்தடி உரலில். இடிப்பதற்கு மட்டும்தான் அவர்கள். கடைப்பக்கம் வந்து நிற்கக் கூடாது. முதல் வருஷம்தான் எம்.ஜி.ஆர். தொடங்கியிருந்த சத்துணவுக்காக ஆரம்பப் பள்ளிக்குப் புதிதாக வந்திருந்த அண்டாவை ஆயாவிடம் கெஞ்சி இரவல் வாங்கினோம். கருப்பட்டியைத் தனியாகக் காய்ச்சி, வேட்டித் துணியில் வடிகட்டினால், அடியில் மணலும் ஓலைத் துணுக்கும் இரண்டொரு எறும்பும் தங்கும். எரிப்பதற்குக் காய்ந்த பனையோலை. சடசடவென்று பிடித்து, ஊதி முடிப்பதற்குள் அணைந்துபோகும் அந்தத் தீயைக் கட்டி மேய்க்க ஒருத்தன் முழுநேரமும் வேண்டும். அந்த ஒருத்தன் நான்தான். துணைவேந்தர் பதவி கொடுத்தாலும் அன்றைக்கு மாற்றிக்கொண்டிருக்க மாட்டேன்.

விஷயம் அண்டாவில் இல்லை, டம்ளரில் இருந்தது. எங்கள் ஊர் முக்கு டீக்கடையில் இரண்டு வரிசை. கண்ணாடிக் கிளாஸ்கள் பலகையில். கூரைக் கழியில் செருகிவைத்த அலுமினிய டம்ளர்கள் தனியாக. அலுமினியத்தில் குடிக்கிறவர் தாமே எடுத்து, தாமே கழுவி, தாமே செருகிவிட்டுப் போக வேண்டும். எந்த மனிதருக்கு எந்த வரிசை என்பதைக் கடைக்காரர் கேட்டதே இல்லை, ஊருக்கே தெரியும். அதைத் தண்டிக்கும் சட்டம் 1955-லிருந்தே இருந்தது என்று வெகு காலம் கழித்துச் சென்னையில் படிக்கும்போதுதான் எனக்குத் தெரியவந்தது. எங்கள் முக்குக் கடை வரைக்கும் அந்தச் சட்டம் பஸ் ஏறி வந்து சேரவில்லை. ஹெட்மாஸ்டர் அதைப் பற்றியெல்லாம் மேடையில் பேசுகிறவர் அல்லர். எவர்சில்வர் டம்ளர்களை ஒரே மாதிரியாக வாடகைக்கு எடுத்து, எல்லாவற்றையும் ஒரே தொட்டித் தண்ணீரில் போட்டார். கழுவுகிறவர்கள் பட்டியலைக் கரும்பலகையில் எழுதிவைத்தார்: வருகைப் பதிவேட்டின் வரிசைப்படி. அந்த வரிசையில் தோட்டக்காரர் வீட்டுப் பையனும் வந்தான், பனையேறியின் மகனும் வந்தான், நானும் வந்தேன். "நாலணாவுக்கு ஒரு டம்ளர். யார் வந்தாலும் அதுதான்" என்று மட்டும் சொல்லிவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஜில்லா கல்வி அதிகாரியை வரவேற்கப் போய்விட்டார்.

சாயங்காலம் கடை திறந்தோம். ஊர்ப் பெரியவர்கள் வெள்ளை வேட்டியோடு வந்தார்கள், அண்டாவை எட்டிப் பார்த்தார்கள், தொட்டியையும் அதைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களையும் பார்த்தார்கள், "பேஷ், பேஷ்" என்று சொல்லிவிட்டுக் கலர்க் கடைக்குப் போனார்கள். எங்களுக்கு அழுகையாக வந்தது. கருப்பட்டி கூடிவிட்டதா, சுக்கு காறுகிறதா என்று ஒருத்தன் மாற்றி ஒருத்தன் குடித்துப் பார்த்ததில் சரக்கு குறைந்ததுதான் மிச்சம். என் பெரியப்பாகூட, நான் தீ ஊதுவதை நின்று பார்த்துவிட்டு, "நெஞ்சு கரிக்கும்டே எனக்கு" என்று சொல்லி, பொவொண்டோவை வாங்கி ஸ்ட்ரா போட்டு உறிஞ்சினார். பாட்டிலில் வாய் வைக்க வேண்டியதில்லை. யார் குடித்த டம்ளர் என்ற கேள்வியும் இல்லை. கலர்க் கடை அன்றைக்கு அப்படி ஓடியதற்குக் காரணம் கலரின் ருசி என்றே பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஸ்ட்ராவின் மகிமை பிற்பாடுதான் பிடிபட்டது.

இருட்டியது. கட்டபொம்மன் நாடகம் தொடங்கியது. மாசிப் பனி இறங்க, பெட்ரோமாக்ஸ் வெளிச்சம் எட்டாத பின்பக்கத்து மணலில் பிள்ளைகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண்கள் முதலில் வந்தார்கள். அப்புறம் அவர்கள் வீட்டு ஆண்கள். அப்புறம், ஜாக்சன் துரை மேடைக்கு வந்த சமயத்தில், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு சில வெள்ளை வேட்டிகள். எல்லோரும் ஊதி ஊதிக் குடித்தார்கள். கடைசியில் பெரியப்பாவும் வந்தார். ஐஸ் கலர் தொண்டையைக் கட்டியிருந்தது. கையில் வீட்டிலிருந்து கொண்டுவந்த பித்தளைச் செம்பு. "இதுல ஊத்துலே" என்றார். ஊற்றினேன். எங்கிருந்துதான் வந்தாரோ ஹெட்மாஸ்டர், செம்பை வாங்கி உயர்த்திப் பிடித்துப் பார்த்து, "அண்ணாச்சி, செம்புக்கு நாலு டம்ளர் கொள்ளும். ஒரு ரூபாய்" என்றார். பெரியப்பா அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மடியை அவிழ்த்து ஒரு ரூபாய் கொடுத்தார். சொந்தப் பாத்திரம் கொண்டுவந்ததற்கு எங்கள் ஊரில் விதிக்கப்பட்ட முதல் வரி அதுவாகத்தான் இருக்கும்.

அதற்குப் பிறகு சுக்குக்காப்பிக்குச் சரிவு காலம். பாக்கெட் டீத்தூள் வந்தது, பாக்கெட் பால் வந்தது, இன்ஸ்டன்ட் காப்பி வந்தது. நானும் சென்னைக்கு வந்து, டிகிரி காப்பி குடிக்கிறவன் மாதிரி நடந்துகொள்ளக் கற்றுக்கொண்டேன். அண்டாவை மறுபடி மேடையேற்றியவை கொசுவும் கிருமியும்தான். 2012-ல் கடையநல்லூர்ப் பக்கம் டெங்கு பரவியபோது, சுக்கும் மிளகும் கோரைக்கிழங்கும் வெட்டிவேரும் சேர்ந்த நிலவேம்புக் குடிநீரை ஒன்பது சரக்குகளோடு அரசாங்கமே காய்ச்சிக் கொடுத்தது. 2020-ல் கொரோனா வந்ததும் பதினைந்து சரக்குகளோடு கபசுரக் குடிநீர் வந்தது. தெரு முனைகளில் தலைவர் படம் போட்ட பேனர், அதன் கீழே கசப்புத் தண்ணீர், வாங்குகிறவருக்கும் வழங்குகிறவருக்கும் சேர்த்து ஒரு போட்டோ. சின்ன வயதில் மூக்கைப் பிடித்து ஊற்றிய ஆச்சிகளுக்குக் கிடைக்காத மரியாதை பேனருக்குக் கிடைத்தது. அந்த மூச்சில்தான் துளசி, ஆவாரம்பூ, செம்பருத்தி எல்லாம் வேலியிலிருந்து இறங்கி அட்டைப் பெட்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டன.

போன வருஷம் பள்ளிக்கு நூறு வயது. வாட்ஸ்அப் குழுவில் அழைப்பு வந்தது, ரயிலேறிப் போனேன். ஓட்டுக் கட்டடம் இருந்த இடத்தில் ஸ்மார்ட் வகுப்பறை. உரல் கிடந்த வேப்பமரத்தடியில் மூலிகைத் தோட்டம். ஒவ்வொரு செடிக்கும் பச்சைப் பலகையில் தாவரவியல் பெயர். செம்பருத்திக்கு 'ஹைபிஸ்கஸ் ரோஸா-சைனென்சிஸ்' என்று ஒரு பெயர் இருப்பது தெரியாமலே எத்தனை பூவைப் பறித்துச் சட்டைப்பையில் நசுக்கியிருக்கிறோம்! தோட்டத்துக்குப் பக்கத்தில் கடை. 'மூலிகைத் தேநீரகம்', பதினோராம் வகுப்பு. இன்டக்ஷன் அடுப்பு, குழாய் வைத்த ஸ்டீல் பாத்திரம், கியூஆர் அட்டை. கல்லாவில் ஒரு பெண், ஊற்றுவதற்கு ஒரு பெண், விளக்கம் சொல்ல ஒரு பெண். பையன்கள் தண்ணீர்க் கேன் தூக்கிக்கொண்டிருந்தார்கள். கட்டடத்துக்குப் பின்னாலிருந்து. எனக்குப் பரம திருப்தி.

வரிசை என்றால் அப்படியொரு வரிசை. ஒருவர்கூட இருமவில்லை.

"என்ன தாத்தா வேணும்?" என்று கேட்டாள் விளக்கம் சொல்கிற பெண். தாத்தாவை விழுங்கிக்கொண்டு சுக்கு கேட்டேன். இஞ்சியில் ஜிஞ்சரால் என்று ஒன்று இருக்கிறதாம். இஞ்சி காய்ந்து சுக்காகும்போது அதில் ஒரு பங்கு ஷோகாலாக மாறுகிறதாம், அதனால்தான் சுக்குக்கு இஞ்சியைவிடக் காரம் அதிகமாம். கண்ணில் பட்டால் எரிகிற அந்தச் சாமானுக்குப் பெயர் ஷோகால் என்று தெரிந்துகொள்ள எனக்கு நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. பெயர் தெரிந்திருந்தால் அன்றைக்கு இன்னும் நயமாக அழுதிருப்போம். அடுத்து, என்னிடம் கேட்காமலே, சங்குப்பூவை வெந்நீரில் போட்டுக் காட்டினாள். கருநீலம் இறங்கியது. இரண்டு சொட்டு எலுமிச்சை விட்டாள்; ஊதாவாக மாறியது. கூட்டம் "ஓ" என்றது, நானும் "ஓ" என்றேன். எங்கள் காலத்தில் அமிலமா காரமா என்று பார்க்க ஒரு பெஞ்சுக்கு ஒரு துண்டு லிட்மஸ் தாள் கொடுத்து, அதையும் நனைத்தபின் திரும்ப வாங்கிக்கொள்வார் ரசாயன சார். ஜன்னலுக்கு வெளியே வேலி நிறையச் சங்குப்பூ பூத்துக் கிடந்தது. பிள்ளையாருக்குப் போக மீதியை ஆடு தின்றது. இந்தப் பிள்ளைகள் அதை டம்ளரில் போட்டுப் பாடமும் நடத்துகிறார்கள், இருபது ரூபாயும் வாங்கிவிடுகிறார்கள். கெட்டிக்காரிகள்தான். பூ மட்டும் வேலியிலிருந்து வந்ததல்ல. காயவைத்து, பாக்கெட்டில் அடைத்து, கூரியரில் வந்தது. வேலி இப்போது காம்பவுண்டுச் சுவர்.

என் சுக்கும் வந்தது. கரும்புச் சக்கையில் செய்த கோப்பை. பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பை 2019-லிருந்தே தடை செய்திருக்கிறார்கள் அல்லவா? ஒவ்வொருவருக்கும் புதுக் கோப்பை, குடித்தவுடன் கூடையில் எறிந்துவிடலாம். யார் எதில் குடித்தார் என்று யாரும் யாரையும் கேட்க வழியில்லை. ஹெட்மாஸ்டரின் தொட்டித் தண்ணீர் பாதி ராத்திரி பாடுபட்டுச் சாதித்ததை ஒரு சக்கைக் கோப்பை அரை நிமிஷத்தில் முடித்துவிட்டதே என்று நினைத்தேன். முடித்துவிட்டதா, அல்லது பெரியப்பாவின் ஸ்ட்ராதான் கொஞ்சம் பெரிதாகி வந்திருக்கிறதா என்றும் நினைத்தேன். இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தபோதுதான் கல்லாவுக்கு மேலே ஒட்டியிருந்த அட்டையைப் பார்த்தேன். குப்பையைக் குறைப்போம் என்று பசுமைப்படைப் பிள்ளைகள் வண்ண எழுத்தில் எழுதியிருந்தார்கள்: 'சொந்த டம்ளர் கொண்டுவந்தால் 5 ரூபாய் தள்ளுபடி!'

அங்கேயே சிரித்துவிட்டேன். தனியாகச் சிரிக்கிற தாத்தாவைப் பார்த்து இரண்டு பிள்ளைகள் ஒதுங்கி நின்றார்கள். பெரியப்பா போய்ச் சேர்ந்து வருஷம் எத்தனையோ ஆகிவிட்டது. இருந்திருந்தால் அதே பித்தளைச் செம்போடு வந்து, சுற்றுச்சூழலைக் காக்கிற முன்னோடி என்று மேடையில் சால்வையும் வாங்கிக்கொண்டு, அன்றைக்குக் கொடுத்த ஒரு ரூபாயை வட்டியோடு கழித்துக்கொண்டு போயிருப்பார். அவர் முகம் எப்படி இருந்திருக்கும் என்பதை நினைக்க நினைக்க வாயிலிருந்த சுக்கு புரையேறியது. இப்படியாக, வரிசையில் இருமிய முதல் ஆள் நானாகிவிட்டேன்.

குடித்து முடித்ததும் கருத்துப் படிவம் நீட்டினார்கள். நட்சத்திரம் போட வேண்டும், ஒரு வரி எழுத வேண்டும். சுக்கு நன்றாகத்தான் இருந்தது. மேல்தோலைச் சீவியிருந்தார்கள், மிளகு அளவு. இனிப்புதான் ஒட்டவில்லை. கேட்டால், நாட்டுச்சர்க்கரை. உடன்குடியிலிருந்து கூப்பிடு தூரத்தில் உட்கார்ந்துகொண்டு கருப்பட்டி போடவில்லையா என்றால், "ஒரிஜினல் கட்டுப்படியாகாது தாத்தா. மலிவா கிடைக்கிறதுல சீனி கலந்திருப்பாங்கன்னு மிஸ் சொன்னாங்க" என்றாள் கல்லாப் பெண், முழுக் கணக்கையும் விரலில் வைத்துக்கொண்டு. அவள் சொன்னது நியாயம். ஆனாலும் பழைய தீ மேய்ப்பன் சும்மா இருப்பானா? நான்கு நட்சத்திரம் போட்டு, 'இனிப்பு போதாது' என்று எழுதிக் கொடுத்தேன்.

வாங்கிப் படித்தாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"தாத்தா, உங்களுக்குச் சுகர் இருக்கா?"

காலையில்தான் மாத்திரை போட்டிருந்தேன். இருக்கிறது என்று தலையாட்டினேன்.

"அப்ப நீங்க ஆவாரம்பூ குடிங்க. அது இருபத்தஞ்சு ரூபா."

இந்த வியாபாரம் எங்களுக்குத் தெரிந்திருந்தால் 1983-ல் பேண்டு வாத்தியத்தோடு பள்ளிக்கு ஒரு பஸ்ஸே வாங்கியிருக்கலாம். ஆவாரம்பூவையும் வாங்கினேன். கையில் டம்ளர் இல்லாததால், முழு விலை.